எண்ணுகிற குரல்

பேருந்து நிலையத்தில் கேட்பாரற்று ஒரு இரும்புப் பெட்டி, மேலே கதிரியக்க எச்சரிக்கைக் குறி. போதாதா? கதிர்வீச்சுக் குண்டு என்று ஊரே துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியது. ஓட முடியாதவர்கள் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகினார்கள்.

மெஷின் மாமா மட்டும் மூடிக்கிடந்த பழைய ஆஸ்பத்திரிக்கு நடந்தார். முப்பது வருஷம் அங்கே புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரத்தை இயக்கியவர். ஆஸ்பத்திரியை மூடியவர்கள் தலையணை உறையைக்கூட விடாமல் எடுத்துப்போனார்கள். இயந்திரத்தை மட்டும், வயிற்றில் இருந்த கதிரியக்கக் கோபால்ட்டோடு, விட்டுப்போனார்கள். கனமாம். அதை அப்புறப்படுத்தச் சொல்லி இவர் போட்ட ஏழு கடிதங்களும் கிணற்றில் போட்ட கல். ஒரு பூட்டும் ஒரு காவலாளியும்தான் காவல். இன்றைக்குக் காவலாளியும் ஓடியிருப்பான் என்று அவருக்குப் பட்டது.

ஓடித்தான் இருந்தான். பூட்டையும் காணோம், இயந்திர அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. கதிர்வீச்சு அளவுமானி இல்லாமல் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். அணுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, கனத்த சுவருக்கு இந்தப் பக்கம், தன் பழைய முக்காலி இருந்த இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

எத்தனை பேரை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாகப் படுக்கவைத்திருப்பார்! கதவைச் சாத்திவிட்டு மைக்கில் நூற்றிருபது வரை எண்ணுவார். ஒருநாள் இருமல் வந்து நிறுத்தியபோது, உள்ளே இருந்த பெண் சொன்னாள்: "எண்ணுறதை நிறுத்தாதீங்க. உங்க குரல் நின்னா, உலகத்துலயே நான் மட்டும் இருக்கிற மாதிரி இருக்கு."

அவளுடைய சிகிச்சையின் கடைசி நாளில், எண்ணி முடித்த கையோடு, கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று மைக்கிலேயே உளறிவிட்டார். அவள் சிரித்த சிரிப்பு ஒலிபெருக்கியில் கரகரத்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தாள். போய் நாலு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்தையும் கொடுத்தது இந்த இயந்திரம். அதன் வயிற்றில் இருப்பது எவன் கையிலாவது சிக்கி நாலு பேர் உயிரை எடுத்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

பேருந்து நிலையத்துப் பெட்டி வெறும் காலிப் பெட்டி என்று உறுதியான பிறகு, மாலையில்தான் அதிகாரி அம்மா அளவுமானியோடு வந்து சேர்ந்தார். கதிர்வீச்சால் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஓடி விழுந்ததில் ஆறு பேருக்கு எலும்பு முறிவு.

விதிப்படி ஒருவர்தான் உள்ளே போகலாம். அதிகாரி அம்மா வாசலில் தயங்கி நின்றார். அளவுமானியின் முள் ஏறினால் யோசிக்காமல் திரும்பி வரச் சொன்னார் மாமா. மின்சாரம் இல்லை, மைக் செத்துப்போயிருந்தது. அதனால் தொண்டையைத் திறந்து, சத்தமாக எண்ண ஆரம்பித்தார்.

நாற்பத்தொன்றில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "சார், முள் ஏறல. ஆனா யாரோ மூடியைக் கழட்டப் பார்த்திருக்காங்க. நாலு போல்ட்டுல மூணு இல்ல."

மாமாவின் எண்ணிக்கை நாற்பத்தொன்றிலேயே நின்றது. இன்னும் ஒரே ஒரு போல்ட். ஊர் முழுவதும் காலிப் பெட்டிக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தபோது, எவனோ இங்கே சாவகாசமாகத் திருகிக்கொண்டிருந்திருக்கிறான்.

"சார், இருக்கீங்களா? எண்ணுறதை நிறுத்தாதீங்க."

அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து அந்த வார்த்தைகளைக் கேட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கேம்மா," என்றார். "நாப்பத்திரெண்டு."