மாடிப்படிக்குக் கீழே கிடந்த செருப்புகள்

கீழ்வீட்டு முன்னறைதான் தையல்காரியின் கடை. கடைவாசலை ஒட்டியே மாடிப்படி ஏறும். மேலே குடியிருப்பவள் அவளுடைய கொழுந்தன் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் இளையவள், தெருவுக்கு லிஸ்ட்டக்கா. படி குறுகல் என்பதால் மாடிக்குப் போகிறவர்கள் செருப்பைக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். மெஷினை மிதித்தபடி, தலையைத் தூக்காமல், தையல்காரி அவற்றை எண்ணிவிடுவாள். திங்கட்கிழமை ஏழு ஜோடி. செவ்வாய்க்கிழமை பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒன்று, வார் அறுந்தபோது இவளே தடித்த ஊசி போட்டுத் தைத்துக் கொடுத்த செருப்பு. அந்த நன்றிகூட இல்லாமல் அதுவும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? பதினான்கு வருஷமாக இந்தத் தெருவின் பேச்செல்லாம் அவள் கடை பெஞ்சில்தான் நடந்தது. யார் வீட்டில் சண்டை, யார் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, எல்லாம் அளவு எடுக்கும்போதே அவள் காதுக்கு வந்துவிடும். இளையவள் என்றைக்கு அந்த வாக்காளர் உதவிக் குழுவில் சேர்ந்தாளோ, அன்றைக்கு வந்தது வினை. போன தேர்தலுக்கு முந்தின நாள் எல்லோருடைய போனிலும், உங்கள் வாக்குச்சாவடி பேருந்து நிலையத்துக்கு மாறிவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தி வந்து விழுந்தது. இளையவள் வீடு வீடாக ஏறி இறங்கி, மாறவில்லை, பழைய இடம்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். யாருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும் என ஒரு தடியன் சலவை ஆலைப் பெண்களை மிரட்டினான். மறுநாள் அவர்கள் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு சாவடிவரை நடந்தவளும் அவள்தான். அப்புறம் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க, எழுத்துப் பிழையைத் திருத்த, தெருவே மாடி ஏறியது. அதே வருஷம் தையல்காரி இருநூறு பள்ளிச் சீருடையை ஒரு பொத்தான்கூடத் தப்பாமல் தைத்துக் கொடுத்தாள். அதைப் பேச ஒரு நாதியில்லை.

பஸ் ஓட்டும் அவள் புருஷனுக்கு இது பெரிய வேடிக்கை. வேண்டுமானால் நீயும் மாடிக்கு ஒரு நடை போய் வாயேன், உன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள் என்பான். அன்றைக்கு அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்கப்படாது.

இளையவளும் ஒன்றும் தங்கக்கட்டி இல்லை. கூச்சல் போட்டுத்தான் போன் பேசுவாள். கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போவாள், அதில் காகிதம் வெட்டுவாள். துணி வெட்டும் கத்தரிக்கோலில் காகிதம் வெட்டலாமா? சொன்னால், அவசரம்க்கா என்பாள். அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு தைத்து முடிந்து ஐந்து மாதமாகக் கடைக் கம்பியில் தொங்கியது. முடிந்துவிட்டது என்று இவளும் சொல்லவில்லை, முடிந்ததா என்று அவளும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் முற்பகலில் கோப்பும் கையுமாக ஒருவர் வந்தார். மாடிப்படியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "இந்தத் தெருவைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லைன்னு சொன்னாங்கம்மா" என்றார். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் யாருக்காவது இன்னும் புத்தி மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்கிறோம், இங்கே இல்லாமல் போனவர்கள் யார் யார் என்று தெரிந்தால் போதும், முழுப் பெயர்கூட வேண்டாம், ஆள் அடையாளமும் கதவு எண்ணும் போதும் என்றார் அவர். பட்டியல்! மாடியில் இருப்பவளுக்கு மட்டும்தான் பட்டியல் தெரியுமா என்ன?

அவள் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள். தைக்கக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வாங்க வராதவர்களின் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. சீட்டில் அவள் வைத்த பட்டப்பெயரும் கதவு எண்ணும் இருந்தன. தைத்த துணியை வாங்க வராத ஆள் ஊரில் எப்படி இருப்பான்? அவள் கணக்கு அவ்வளவுதான். நெட்டை, பதினேழு. ஆஸ்பத்திரி ஆயா, நாற்பத்திரண்டு. வெல்டர், ஐம்பத்தொன்று. வாசிக்க வாசிக்க அவர் எழுதிக்கொண்டே போனார். முப்பத்துமூன்று ஆனது. கடைசியாகத் தொங்கியது சாம்பல் கோட்டு. அதன் சீட்டில் 'மாடி' என்று மட்டும் இருந்தது.

மாடி என்றால் யார் என்று அவர் கேட்டார். இதே கதவு எண்தான், மேல்வீடு, என் கொழுந்தன் மனைவி என்றாள். அவங்களும் இப்போ இங்கே இல்லையா என்றார். அந்த நேரம் பார்த்து மேலே இளையவளின் சிரிப்பும், அவளோடு நாலைந்து பேர் சிரிப்பும் கேட்டன. தையல்காரியின் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது.

"இல்லைன்னே எழுதிக்கோங்க" என்றாள்.

அவர் தாளை நீட்டினார். விசாரித்ததில் தெரிந்த தகவல் என்று தலைப்பு இருந்தது. அடியில், தன் துணிச்சீட்டுகளில் போடும் அதே கொக்கிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். அன்று முழுவதும் மெஷின் எண்ணெய் போட்டதுபோல ஓடியது.

ஐந்து வாரம் கழித்துத் தெருவில் அறிவிப்புகள் வந்தன. நீங்கள் இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று ஆட்சேபம் வந்திருக்கிறது, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் வந்து நிரூபிக்காவிட்டால் உங்கள் பெயர் நீக்கப்படும் என்று ஆளுக்கொரு தாள். அடுத்த நாள் படிக்குக் கீழே இருபத்தாறு ஜோடி கிடந்தன. மாலையில் இளையவள் இறங்கி வந்து, கம்பியில் தொங்கிய துணிகளுக்கு நேர் கீழே பெஞ்சில் சாய்ந்தாள்.

"முப்பத்துமூணு பேரு, அக்கா. ஒரே வயசு இல்ல, ஒரே வேலை இல்ல. எதை வெச்சுப் பொறுக்கினானுங்கன்னு பிடிபடவே மாட்டேங்குது" என்றாள்.

அவள் தலைக்கு மேல் நெட்டையின் கால்சட்டை லேசாக ஆடியது. தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். நூல் நுழையவில்லை. முப்பத்துமூன்றுதான் என்று இளையவள் சொன்னது அவள் காதிலேயே நின்றது. முப்பத்துநான்காவது தாள் எங்கே என்று அவளுக்குத் தெரியும். தபால்காரர் மாடி ஏறமாட்டார். மேல்வீட்டுத் தபாலையும் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். இளையவள் பெயருக்கு வந்த அறிவிப்பு மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் கிடந்தது. ஊரார் பெயரையெல்லாம் தேடிப் பார்க்கிறவள் தன் பெயரைத் தேடவில்லை.

கொடுக்கத்தான் நினைத்தாள், பொய் சொல்வானேன். ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. தேர்தல் நாளன்று தெருவே பார்த்துக்கொண்டிருக்க, லிஸ்ட்டக்கா சாவடியில் போய் நிற்பாள். உங்கள் பெயர் இல்லையே அம்மா என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும்! அதை நினைத்தபோது உள்ளே ஏதோ இனித்தது. இனித்தது என்பதே அவளைச் சுட்டது. இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று விட்டாள். வியாழக்கிழமையே வந்துவிட்டது.

அன்று காலை இளையவள், வரமுடிந்த இருபத்திரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் போனாள். படிக்குக் கீழே ஒரு செருப்பும் இல்லை. பார்த்தால் நிம்மதியாக இருக்கவேண்டும், இல்லையா? அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, தைக்கவும் முடியவில்லை.

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி ஆயா கடைக்கு வந்தாள். இரண்டு வேளை வேலையில் மாட்டிக்கொண்டதால்தான் துணி வாங்க வரமுடியவில்லை என்றாள். தேர்தல் நாளன்று போட்டுக்கொள்ள அது வேண்டும் என்றாள். அவள் பெயரைத் திரும்ப எழுதிவிட்டார்களாம். வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் பதினோரு பேர் கதைதான் சிக்கல். தகவல் சொன்ன ஆளே வந்து மாற்றிச் சொன்னால் ஒழிய அவர்கள் ஓட்டு போனதுதான் என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். லிஸ்ட்டக்கா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வாதாடுகிறாள், அவள் மட்டும் இல்லையென்றால் நம்மையெல்லாம் யார் கேட்பது என்றாள். அந்த நேரத்திலும் தையல்காரிக்குச் சுருக்கென்றது.

ஆயா துணியை மடித்து வைத்துக்கொண்டாள். "நான் இங்க இல்லவே இல்லைன்னு யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். இருபது வருஷமா இதே தெருவுல இருக்கேன். யாருக்கு என்ன பண்ணினேன்?" என்றாள். கேட்டது இவளிடம்தான். ஆனால் இவளைப் பார்த்துக் கேட்கவில்லை.

ஆயா போனதும் தையல்காரி கம்பியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சீட்டுகள் கழன்றுவிடாமல் மூட்டையாகக் கட்டினாள். கோட்டைத் தனியாகக் கையில் போட்டுக்கொண்டாள். இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். கடையைச் சாத்தக்கூட இல்லை.

அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. இளையவள் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள், தெருக்காரர்கள் சுவரோரம் இருந்தார்கள். தையல்காரி யார் முகத்தையும் பார்க்காமல் மூட்டையை அதிகாரி அம்மாளின் மேசைமேல் வைத்து அவிழ்த்தாள்.

"இந்தக் கையெழுத்து என்னோடது மேடம்" என்று ஒரு சீட்டை நீட்டினாள். "இவங்க யாரும் ஊரை விட்டே போயிடல. தைச்ச துணியை வாங்க வரல, அவ்வளவுதான். அதை வெச்சுச் சொல்லிட்டேன்."

அதிகாரி சீட்டில் இருந்த கையெழுத்தையும் தாளில் இருந்ததையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வெளியூர்க்காரர்களின் துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். யார் எந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள், எப்போது திரும்புவதாகச் சொல்லிவிட்டுத் துணி கொடுத்தார்கள் என்று தையல்காரி தங்குதடையில்லாமல் சொன்னாள். அளவு எடுக்கும்போது கேட்டதெல்லாம் கடைசியில் உதவியது. பதினொன்றும் முடிந்ததும், இன்னும் ஒரு பெயர் பாக்கி இருக்கிறதே என்றார் அதிகாரி. தையல்காரி அந்தத் தாளை எடுத்து இளையவள் பக்கம் நகர்த்தினாள்.

"இவங்க இந்த முகவரியில இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரி கேட்டார். இவ்வளவுக்குப் பிறகு இவள் வாயை அவர் எப்படி நம்புவார்?

"என் தலைக்கு மேலதான் மேடம் இருக்கா" என்றாள் தையல்காரி. நிறுத்த முடியவில்லை. "காலையில அஞ்சே காலுக்கு எழுந்திருப்பா. ஜன்னலை ரெண்டு தடவை இழுத்தாத்தான் திறக்கும். ஆறு மணிக்கு முதல் ஆள் வந்துடும். போன மாசம் மட்டும் அவளைத் தேடி இருநூத்திப் பன்னிரண்டு ஜோடி செருப்பு வந்துச்சு. என்னைத் தேடி ஒம்பது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "எண்ணினீங்களா?"

"ரெண்டு வருஷமா எண்ணுறேன் மேடம்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அதிகாரி அதையும் வாக்குமூலத்தில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். தையல்காரிக்குக் காதுமடல் கொதித்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததை அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இதைவிடச் சரியான சாட்சி தெருவில் வேறு யார் சொல்லமுடியும்? அதிகாரி பாக்கியிருந்த பன்னிரண்டு பெயரையும் திரும்பச் சேர்த்து முத்திரை குத்தினார்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். இளையவள்தான் முதலில் பேசினாள்.

"கையெழுத்தைக் காலையிலேயே பார்த்துட்டேன்க்கா. நாலரை வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம்னு இருந்தேன். நீ வரலைன்னா சொல்லியிருப்பேன். மத்தவங்க ஓட்டு அது."

"உன்னோடது?"

"என் பேரும் அதுல இருந்துச்சு. அதைப் பார்த்ததும், உன்கிட்ட வந்து எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல."

தையல்காரி கோட்டை அவள் மடியில் வைத்தாள். முடிந்து ஐந்து மாதம் ஆகிறது என்றாள். இளையவள் அங்கேயே எழுந்து நின்று போட்டுப் பார்த்தாள். தோளும் கையும் கச்சிதமாக இருந்தன. நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை.

அதன்பிறகு தேர்தல்வரை கடைக்கு ஒருவர்கூடப் புதுத்துணி கொண்டுவரவில்லை. பெஞ்சில் தூசி படிந்தது. தேர்தலன்று விடிந்ததும் படிக்குக் கீழே செருப்புகள் சேர ஆரம்பித்தன. எல்லோரும் மாடியில் கூடி ஒன்றாகப் போவதாக ஏற்பாடு. அவளை யாரும் கூப்பிடவில்லை. தையல்காரி வாசலில் நின்று எண்ணினாள், முப்பத்தொன்று. வயிறு வழக்கம்போல எரிந்தது. பிறகு தன் செருப்பையும் கழற்றி அவற்றின் பக்கத்தில் விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள்.