ஆர்வோ பேசிய நாலு நிமிடம்

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாசலில் தடுமாறினார்கள். நிலைக்கு மேலே கட்டியிருந்த நீலமும் வெள்ளையுமான காகிதத் தோரணம் முன்னால் வந்தவன் முகத்தில் உரசியது.

“அக்கா, இத அத்துப் போட்ரவா? சாவு வீட்ல தோரணம் தொங்குனா பாக்குறவுக என்ன சொல்லுவாக?” என்றான் தம்பி ஆக்னல்.

“கெடக்கட்டும். படுக்கையில விழுறதுக்கு முந்தி அவரு கட்டச் சொன்னது,” என்றாள் அடைக்கலமேரி.

இன்று டிசம்பர் ஆறு, பின்லாந்தின் சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுக்க வந்து, அவளைக் கட்டிக்கொண்டு முப்பத்திநாலு வருடமாகக் கொடைக்கானலிலேயே தங்கிவிட்ட ஆர்வோவுக்கு இந்த ஒரு நாள்தான் திருவிழா. சென்னை, கோவை, மதுரை என்று சிதறிக் கிடக்கும் பின்லாந்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து மலையேறி வருவார்கள். ஜன்னலுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, எழுந்து நின்று பாடுவார்கள். அப்புறம் காபியும் பேச்சும்தான். மற்ற நாளெல்லாம் மார்க்கெட்டில் கேரட் விலை பேசுகிற தமிழ் போதும் அவருக்கு. அடைக்கலமேரிக்கு அந்த பாஷை ஏறவே இல்லை. அன்றைக்கு மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். புரியாத பேச்சுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைவிட ஏலக்காய் ரொட்டி சுடுவது எவ்வளவோ மேல்.

போன வாரம் வந்த பக்கவாதம் அவருடைய தமிழைத் துடைத்துவிட்டது. இங்கிலீஷும் போயிற்று. அம்மாவிடம் கற்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நேற்று சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிற மாதிரி ஏதோ சொன்னார். சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி கையைக் காட்டினார். காபி, வெந்நீர், ரொட்டி என்று மொத்தம் நாலு தடவை போய் வந்தாள். எதுவும் அவர் கேட்டது இல்லை. கடைசியில் அவர் பேச்சை ஃபோனில் பதிவு செய்துகொண்டாள். நாலு நிமிடம். நாளைக்குத்தான் அவருடைய ஊர்க்காரர்கள் வருகிறார்களே, கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

சாகப் போகிற மனுஷன் கேட்டதைக் கொடுக்காமல் விட்டது அவளை அரித்தது. நாலு மணிக்குக் கல்லறைக்கு எடுக்கிறார்கள். அதற்குள் அது என்னவென்று தெரிந்தாக வேண்டும். வைக்கக்கூடிய பொருளாக இருந்தால் சவப்பெட்டிக்குள் வைத்தாவது அனுப்பலாம்.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. இறங்கியவர்கள் கேட்டுக்கு வெளியே தூறலில் நின்றார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. அப்படியே நின்றார்கள்.

“என்னக்கா, வந்தவுக ரோட்டுலயே நிக்கிறாக. ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல,” என்று முணுமுணுத்தான் ஆக்னல்.

அடைக்கலமேரிக்கு விஷயம் புரிந்தது. கூப்பிடாமல் துக்க வீட்டுக்குள் கால் வைக்க அவர்களுக்குக் கூச்சம். ஆர்வோவே இங்கே வந்த புதிதில் அப்படித்தான் வெளியே நின்றிருக்கிறார். இங்கேயோ சாவு வீட்டில் யாரையும் ‘வாங்க’ என்று சொல்லக் கூடாது. இப்படியே இரண்டு பக்கமும் மரியாதையாக இருந்தால் நாலு மணி ஆகிவிடும்.

எழுந்து போய் கேட்டைத் திறந்தாள்.

“வாங்க,” என்றாள். உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

“அக்கா, என்ன வார்த்த சொல்ற நீ?”

“வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. அவரு ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.”

வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மதுரையில் இருபது வருடமாக இருக்கும் கிர்ஸ்திக்குத் தமிழ் நன்றாக வரும். அவளை மட்டும் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் ஃபோனைக் கையில் கொடுத்தாள் அடைக்கலமேரி.

“நேத்து பேசுனது. என்ன கேட்டாருன்னு சொல்லுங்க. எம் பேரு அதுல ஒரு தடவகூட வரல. அது பரவால்ல.”

பரவாயில்லை என்று சொன்னாளே தவிர, காலையிலிருந்து அதுவும் சேர்ந்துதான் வலித்தது.

கிர்ஸ்தி காதில் வைத்துக் கேட்டாள். பாதியில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முழுதும் கேட்டு முடித்து ஃபோனை நீட்டினாள்.

“என்ன வேணுமாம்?”

“அக்கா, உங்கள நர்ஸுன்னு நெனச்சுப் பேசியிருக்காருங்க.”

“என்னையவா?”

“ ‘சிஸ்டர், என் மனைவி சமையல்கட்டுல இருக்கா. விருந்தாளி வந்தா வெளியவே வரமாட்டா. காபி போதும்னு சொல்லுங்க. எம் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லுங்க.’ இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாரு. வேற ஒண்ணும் கேக்கல.”

அடைக்கலமேரி தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கையைத்தானே பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள்.

ஆக்னல் எட்டிப் பார்த்தான். “அக்கா, வந்தவுக நனஞ்சு நிக்கிறாக. காபிக்கு என்ன செய்ய?”

பழக்கத்தில் கால் அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டது. நின்றாள்.

“பக்கத்து வீட்ல போடச் சொல்லு,” என்றாள்.

ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஐஸ் பெட்டியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். விருந்தாளிகள் மெல்லப் பாட ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. நாலு மணிக்கு ஆட்கள் வந்து எழுப்பும்வரை அவள் அங்கேயே இருந்தாள்.