ஜெனிவாக்காரன் ஒத்துக்கணும்

வனச் சட்டத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்த அன்று, கே.ஜி.கண்டிகையில் வீரபத்திரன் வீட்டு டிவியில் சீரியல் ஓடவில்லை. அவர் மனைவி ஜெயம்மாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மர வியாபாரி துரைக்கண்ணு மதியச் சாப்பாட்டுக்கே வந்து, சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் தரையில் ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பா, அதன்மேல் குறுக்காக ஒரு பிரஷ். மசோதா நிறைவேறியதும் நேரே வயலுக்குப் போய், வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

சுஜாதா சமையலறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மரங்கள் அவள் புருஷன், வீரபத்திரனின் தம்பி கோதண்டம் வைத்தவை. வேர்க்கடலை வயலின் வரப்போரம் முழுக்கச் செம்மரம். கோதண்டம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சென்னையிலிருந்து வந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, அரக்கோணம் வருவதற்குள் அடங்கிவிட்டான். எதிர் சீட்டுக்காரர் தூங்குகிறான் என்று நினைத்து அவன் பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாராம். நிலம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் பிரிக்காமல் இருந்தது. மரங்களும் அப்படித்தான்.

அவற்றை வெட்டக்கூடாது. சுஜாதாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் காரணம் கேட்பார்கள். பொங்கல்தோறும் கோதண்டம் ஒவ்வொரு மரமாகப் போய், கழுத்தை நெரிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துப் பார்ப்பான். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட முடியாத அளவுக்கு மரம் பருத்த வருஷம், ஏதோ பிள்ளை பெரிய படிப்பு முடித்துவிட்டதுபோல பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இப்போது களையெடுக்கப் போகும் நாட்களில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த முதலைத்தோல் பட்டையை அவளும் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதைப் போய் எந்த வாயால் சொல்வது? காலேஜில் படிக்கிற மகள் அபியை வைத்துக்கொண்டு மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே, பைத்தியமா என்பார்கள். வீரபத்திரன் பழைய வீட்டை இடித்துக் கட்ட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் தேவை இருக்கும்.

அவளுக்கு இதுவரை துணை நின்றது சட்டம்தான். பிளஸ் டூ வரை படித்தவள், தினத்தாளை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பவள். அழிந்துபோகக்கூடிய உயிர்களைக் காப்பாற்றப் பல நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருப்பதும், அதன் பட்டியலில் செம்மரம் இருப்பதும், அதற்கான அலுவலகம் ஜெனிவாவில் இருப்பதும் அவள் படித்துச் சொல்லித்தான் அந்த வீட்டுக்குத் தெரியும். அன்றிலிருந்து துரைக்கண்ணு வந்து கேட்கும்போதெல்லாம் வீரபத்திரன் கையை விரித்துவிடுவார். "நம்ம கையில இன்னா கீது? ஜெனிவாக்காரன் ஒத்துக்கணுமே!"

படித்துச் சொன்னாள் என்றால், அவரிடம் அல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுஜாதா புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசியதில்லை. அந்த வீட்டு வழக்கம் அது. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு ஜெயம்மா வழியாகத்தான் போய் வரும். "அக்கா, பாவாவ சாப்ட சொல்லுங்க" என்பாள் இவள். "ஜெயா, சாயங்காலம் மோட்டார் போட சொல்லு" என்பார் அவர். ஜெயம்மா திருப்பிச் சொல்வதுகூடக் கிடையாது. இவள் முகத்தையும் அவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள், அத்தோடு சொன்னதாக ஆகிவிடும். கோதண்டம் போன பிறகும், எல்லோரும் அழுத அந்த நாட்களிலும், இவர்கள் இருவரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அழுகையை யார் மூலமாகச் சொல்லி அனுப்புவது?

டிவியில் ஓர் உறுப்பினர் எழுந்து, "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கினார். தமிழ்ச் செய்தி சேனல் என்பதால் எல்லோர் பேச்சுக்கும் ஒரே பெண் குரலில் மொழிபெயர்ப்பு வந்துகொண்டிருந்தது. சொந்த நிலத்தில் வளர்த்த மரத்துக்கும் காட்டில் திருடிய மரத்துக்கும் ஒரே சட்டம் என்றால் விவசாயி மரமே வைக்க மாட்டான் என்றார் அவர். துரைக்கண்ணு தொடையில் தட்டிக்கொண்டார்.

அடுத்து மலைமாநிலத்து அம்மையார் ஒருவர் எழுந்தார். சட்டத்தைத் தளர்த்தினால் காட்டு மரமெல்லாம் தோட்டத்து மரம் என்று பேர் மாற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும், உலக நாடுகள் முன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இங்கே வேறு பேசுவதா, அமைச்சர் பதில் சொல்லட்டும் என்றார். சொன்னது அமைச்சரைப் பார்த்து அல்ல, அவைத் தலைவரைப் பார்த்து. அந்த அம்மையார் நன்றாக இருக்க வேண்டும் என்று சுஜாதா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"இன்னா இது," என்றாள் ஜெயம்மா. "ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்து பேச மாட்டாங்களா? எல்லாத்தையும் அந்த பெரிய நாற்காலிக்காரர் கிட்டயே சொல்லிகினு கீறாங்க."

"அதான் அங்க சட்டம்," என்றார் துரைக்கண்ணு. "நேரா பேசிகினா அடிதடி ஆயிடும்."

"பாவம், என் பொழப்புதான் அவருக்கும். அவருக்காச்சும் சம்பளம் வரும்."

வீரபத்திரன் சிரிக்கவில்லை. துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மின்விசிறி அவர் தலைக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

அமைச்சர் பதிலுரைக்கு எழுந்தார். ஒப்பந்தத்துக்கு இந்தியா கட்டுப்பட்டது, வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு கட்டைக்கும் கணக்கு உண்டு, அதில் மாற்றம் இல்லை என்றார். சுஜாதா மூச்சு விட்டாள். அதே மூச்சில் அவர் மேலே சொன்னார்: ஆனால் விவசாயி தன் பட்டா நிலத்தில் வளர்த்த மரத்தை வெட்டி உள்நாட்டில் விற்க இனி அனுமதி தேவையில்லை, பதிவு செய்தால் போதும். குரல் வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்களின் சத்தம் பெரிதாக இருந்தது.

"முடிஞ்சிதுய்யா!" துரைக்கண்ணு டப்பாவைத் தூக்கிக்கொண்டார். "வீரபத்திரா, கெளம்பு."

நான்கு பேரும் வயலுக்கு நடந்தார்கள். சுஜாதா கடைசியாக வந்தாள். இனி எந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டுவது? முதல் மரத்தின் முன்னால் துரைக்கண்ணு குந்தி உட்கார்ந்து டப்பா மூடியை நெம்பினார்.

"இரு துரைக்கண்ணு," என்றார் வீரபத்திரன். "ஜனாதிபதி கையெழுத்து போட்டாத்தான சட்டம்?"

"போடுவாங்க. பெயிண்ட் அடிக்கறதுக்கு ஜனாதிபதி எதுக்கு?"

"அதுக்கில்ல. ஜெனிவாக்காரன்..."

"அவன் கப்பல்ல போற மரத்தத்தான் கேப்பான். நான் இங்கயே விக்கப்போறேன். அமைச்சர் சொல்லும்போது தூங்கிகினு இருந்தியா?" பிரஷ் பெயிண்ட்டில் இறங்கியது.

வீரபத்திரன் ஓரடி முன்னால் வந்தார். "ஆடி மாசம்யா. ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது."

சுஜாதா நிமிர்ந்து பார்த்தாள். ஆடியில் போர்வெல் போட்டவர் அவர். ஆடியில் டிராக்டர் வாங்கி வந்து, ஊரே திட்டியபோது, "டிராக்டருக்கு மாசம் தெரியுமா?" என்று கேட்டவர். இப்போது அவர் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். பிரஷுக்கும் மரத்துக்கும் நடுவில், வேட்டியில் பெயிண்ட் படுவதுபோல நின்றிருந்தார். ஒரு கை பின்னால் போய்ப் பட்டையைப் பிடித்திருந்தது.

சட்டத்தைச் சொல்லிச் சொல்லி இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது தான் மட்டும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, பாவா கிட்ட..." என்று தொடங்கி நிறுத்தினாள். ஜெயம்மா வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பத் தயாராக இருந்தாள். சுஜாதா அவளைத் தாண்டி முன்னால் போனாள்.

"பாவா, இத வெட்டறதுல உங்களுக்கு இஷ்டமா?"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஜெயம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. வீரபத்திரன் தரையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஜெயா, அவ கிட்ட சொல்லு..."

"எங்கிட்ட ஏன் சொல்ற? தோ நிக்கறா. நீயே சொல்லு."

"இஷ்டம் இல்லம்மா," என்றார். நேரே அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "தம்பி வெச்சது. ஆனா நீ பொண்ண வெச்சிகினு கீற. அபி படிக்கணும். வெட்டாதன்னு சொல்றதுக்கு நான் யாரு? அதான் சட்டத்து மேல பழிய போட்டுகினு இருந்தேன்."

"எனக்கும் இஷ்டம் இல்ல பாவா." சொல்லிவிட்டாள். அதற்கு மேல் சொல்ல நினைத்ததெல்லாம் அழுகையாக வந்தது. அழுதாள். ஆனால் இரண்டு வருஷமாக அழுத அழுகை மாதிரி இல்லை. நெஞ்சின் மேலிருந்து யாரோ ஒரு மூட்டையைத் தூக்கி எடுத்ததுபோல இருந்தது. "நீங்க வீடு கட்டணுமே, எப்படி சொல்றதுன்னு இருந்தேன்."

"வீடு எங்க போவுது? இடிஞ்சா விழுந்துடுச்சி?"

துரைக்கண்ணு குந்தியபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்யா, அப்ப ரெண்டு வருஷமா எதுக்கு என்ன அலையவிட்டீங்க? திருத்தணி வனத்துறை ஆபீஸுக்கு போனேன், முடியாதுன்னுட்டான்னு நீ சொல்லல?"

"ஆபீஸுக்கு எங்க போனேன்? நேரா மலைக்கு போய் முருகன கும்புட்டுட்டு வந்தேன்."

ஜெயம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடப்பாவி! பிரசாதம் கொண்டாந்தியே, நான்கூட ஆபீஸுக்கு போன மனுஷனுக்கு ஏது பக்தின்னு நெனச்சேன்."

துரைக்கண்ணு டப்பாவை மூடினார். கோபத்தில் பாதி, ஏமாற்றத்தில் பாதி. "சரி, நான் மரம் வாங்கற பார்ட்டி கிட்ட இன்னா சொல்றது? சட்டமும் வந்துடுச்சி."

வீரபத்திரன் சுஜாதாவைப் பார்த்தார். நீ சொல் என்பதுபோல.

"குடுக்க மனசு இல்லனு சொல்லுங்கண்ணா," என்றாள் அவள். "அவ்ளோதான்."

"ஒரு காரணம் வாணாவா?"

"அதான் காரணம்."

துரைக்கண்ணு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, வீட்டு வாசலில் நிறுத்திய பைக்கை எடுக்க நடந்தார். மழைக்கு முன் அடிக்கிற காற்று வயலின் மேல் வந்தது. ஜெயம்மா இருவரையும் ஒருமுறை பார்த்தாள். "உலை வெக்கணும், நான் போறேன். நீங்களே பேசிகினு வாங்க," என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடுவதற்குள் வரப்பில் வேகமாக நடந்துவிட்டாள்.

இருவரும் மரவரிசையோடு நடந்தார்கள். வீரபத்திரன், தம்பி எந்த நர்சரியிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்தான், வரும் வழியில் பஸ் கண்டக்டரோடு எப்படிச் சண்டை போட்டான் என்று சொல்லத் தொடங்கினார். அவளுக்குத் தெரியாத கதை அது. கன்றுக்கும் டிக்கெட் போடு, ஆனால் அதற்கும் உட்கார சீட் கொடு என்று கேட்டானாம். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கடைசிக்கு முந்தைய மரத்திடம் அவர் நின்றார். அது மட்டும் வரிசையை விட்டு வெளியே தள்ளி, பக்கத்து வயல் பக்கம் சாய்ந்திருந்தது.

"எல்லாத்தையும் கயிறு கட்டி நேரா வெச்சான். இத மட்டும் பாரு, எந்த நெனப்புல இருந்தானோ, கோணலா வெச்சிட்டான்."

"அது அவர் வெச்சது இல்ல பாவா," என்றாள் சுஜாதா. "நான் வெச்சது."

"நீயா? எப்ப?"

"அவர் சாப்ட போயிருந்தப்ப."

"அப்ப அவன் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலியா?"

"திட்னாரு. பிடுங்கி நேரா வைன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன்."

வீரபத்திரன் மரத்தையும் அவளையும் பார்த்தார். "எங்க வீட்டுல உனுக்கு இவ்ளோ வாய் கீதுன்னு இப்பத்தாம்மா தெரியுது," என்று சொல்லிவிட்டு, சாய்ந்த மரத்தின் நிழலிலேயே உட்கார்ந்தார். சுஜாதாவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.