காற்று இறங்கும்வரை

மகள் ஓட்டும் படகில் ஏறும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தையல்காரர் பஸ்ஸில் வந்த வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். ரொம்பச் சிரித்தால் அண்ணன் கிண்டல் பண்ணுவார். சிரிக்காமல் இருந்தால் மகள் தப்பாக எடுத்துக்கொள்வாள். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து இரண்டு மூன்று முகங்களைப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவி, "என்ன, பல்வலியா?" என்றாள்.

அவருடைய அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கரையிலிருந்து படகில் போக வேண்டிய ஒரு தீவில்தான் அவர் ஆயுசு முழுக்க மின்சார வேலை பார்த்தார். கம்பம் நட்டது, கம்பி இழுத்தது, புயலில் அறுந்ததை நனைந்துகொண்டே சரிபண்ணியது எல்லாம் அவர். தீவில் கரண்ட்காரர் என்று சொன்னால் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தீவுக்காரர்கள் தாங்களே கல்லும் மணலும் சுமந்து ஒரு படிப்பகம் கட்டி, வாசலில் 'கரண்ட்காரர் படிப்பகம்' என்று பலகை செய்து துணியால் மூடி வைத்திருந்தார்கள். அன்று முற்பகல் திறப்பு. குடும்பம் மொத்தமும் வந்தால்தான் துணியை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஆளுக்கொரு ஊரிலிருந்து எல்லோரும் கிளம்பி வந்தார்கள்.

படகுத்துறையில் அண்ணன் முன்னாலேயே வந்து நின்றார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தானே தவிர அதிகாரத்துக்கு இல்லை. யார் எங்கே உட்கார வேண்டும், யார் கையில் எந்தப் பை என்று அவர் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கடைக்குட்டித் தங்கை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், அண்ணனின் சொல்லைக் கேட்பதுபோல் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி உட்கார்ந்திருந்தாள். மருமகள்கள், மாப்பிள்ளை, பேரன் பேத்திகள் என்று காத்திருப்பு மண்டபம் கலகலத்தது.

"எங்க நம்ம வாலு? படகைக் கழுவிட்டு இருக்காளா?" என்று தங்கை கேட்டாள்.

வாலு என்பது தையல்காரரின் மகளுக்கு வீட்டுப் பெயர். சின்ன வயதில் அவள் ஏறாத மரமில்லை, உடைக்காத ஜன்னல் இல்லை. இப்போது அந்த வாலுதான் இந்தப் படகுக்குக் கேப்டன். கடல் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் தையல்காரர் ஒரே பிடியாக வேண்டாம் என்றார். கரண்ட்காரர்தான் குறுக்கே வந்தார். "நான் முதமுத கம்பத்துல ஏறினப்ப எங்கம்மாவும் கீழ நின்னு வேண்டாம்னுதான் அழுதா. விடுடா. அவ கைப்பிடி நல்லா இருக்கு" என்றார். அப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் தன் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புப் பட்டை. கம்பெனி கொடுத்தது ஆண்கள் அளவுச் சட்டை. தையல்காரர்தான் தோளைப் பிரித்து, கையைக் குறைத்து, அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். சுக்கானைத் திருப்பும்போது இழுக்கக் கூடாது இல்லையா. மகளைப் பார்க்கும் முன் அவர் கண் தோள் தையலைத்தான் பார்த்தது. கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. காத்திருந்த பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி நின்று பேசினாள். "படகு இப்ப கிளம்பாது. காத்து ஏறிட்டே இருக்கு. தடுப்புச்சுவரைத் தாண்டினா அலை பக்கவாட்டுல அடிக்கும். காத்து இறங்கினதும் கிளம்பலாம். சாயங்காலத்துக்குள்ள இறங்கும்னு நினைக்கிறேன். மண்டபத்துல இருங்க, டீ வரும்."

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். தையல்காரரின் குடும்பத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் அவளிடம் போனார். "என்னம்மா, விளையாடறியா? வெயில் பளிச்சுனு அடிக்குது. இங்க தண்ணி தொட்டித் தண்ணி மாதிரி இருக்கு."

"இங்க சுவர் இருக்கு பெரியப்பா. அதான் அப்படித் தெரியுது."

"அங்க ஊரே காத்துட்டு நிக்குது. உன் தாத்தாவுக்கு நடக்கிற விசேஷம். வேற யாருக்கோ இல்ல."

"தெரியும் பெரியப்பா. அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"நான் சொல்றேன், எடு படகை."

அவள் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுல நீங்க பெரியவங்க, சொன்னாக் கேப்பேன். படகு விஷயத்துல நான் சொல்றதுதான். கோச்சுக்காதீங்க."

அண்ணனிடம் இப்படி ஒருவர் பேசி அந்தக் குடும்பம் பார்த்ததில்லை. அவள் தலையை லேசாக அசைத்துவிட்டுக் கயிறுகளைச் சரிபார்க்கப் போய்விட்டாள். அண்ணன் முகம் சுண்டிப்போய்த் தம்பி பக்கம் திரும்பினார். "பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணம் இதுதானா?"

தையல்காரர் தரையைப் பார்த்தார். ஐம்பது வயது தாண்டியும் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியவர் இல்லை அவர். கடை வைத்த இடம், கட்டிய பெண், மகளைச் சேர்த்த பள்ளிக்கூடம் எல்லாம் அண்ணன் கைகாட்டியது. இப்போது ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் மகள். வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம்.

அண்ணன் சும்மா இருக்கிற ஆளா? பத்து நிமிஷம் கழித்துத் துறையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு மீன்பிடிப் படகுக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். "இவர் கூட்டிட்டுப் போறாராம். எல்லாரும் பையை எடுங்க."

"கொஞ்சம் ஆட்டும். நனைவீங்க. புடிச்சு உக்காந்துக்கணும்" என்றார் படகுக்காரர். அவர் குரலிலும் அவ்வளவு உறுதி இல்லை.

மாப்பிள்ளை பையைத் தூக்கினார். மருமகள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அண்ணன் முன்னால் நடக்க, ஒவ்வொருவராகப் பின்னால் நகர ஆரம்பித்தார்கள். தூரத்தில் கயிற்றுப் பக்கம் நின்ற மகள் இதைப் பார்த்துவிட்டு வேகமாக வருவது தையல்காரருக்குத் தெரிந்தது. அவள் வந்து மறுபடி வாக்குவாதம் ஆனால், அது அத்தனை பயணிகள் முன்னால் ஆகும்.

தனக்கு எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை. கால் தானாக நடந்தது. எல்லோரையும் தாண்டிப் போய்ப் மீன்பிடிப் படகில் ஏறுகிற பலகைப் பாலத்தின் முன்னால் குறுக்கே நின்றுகொண்டார்.

"நான் வரலண்ணா. இவங்களையும் விடமாட்டேன்."

அண்ணனுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "என்னடா?"

"கேப்டன் போகக்கூடாதுன்னு சொல்லியாச்சு. போகக்கூடாது."

"கேப்டனா? உன் பொண்ணுடா அவ."

"அதுக்காகச் சொல்லல." தையல்காரர் விலகாமல் நின்றார். "அந்த ஐஸ் தொழிற்சாலை திறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா அண்ணா? நீயும் அங்க இருந்தே. நான் உன் கையைப் புடிச்சுட்டு நின்னேன்."

அண்ணன் பார்வையைக் கடல் பக்கம் திருப்பினார். ஞாபகம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் இளையவர்களுக்குத் தெரியாதே. அவர்களைப் பார்த்துத் தையல்காரர் சொன்னார்.

தீவில் முதல்முதலாக ஐஸ் தொழிற்சாலை திறந்த நாள். கரையிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல்நாள் பெய்த மழையில் கம்பியெல்லாம் ஊறிக்கிடந்தது. சுவிட்சைப் போடு என்றார்கள். கரண்ட்காரர் போடமாட்டேன் என்றார். முதலாளி அதட்டினார், மேலதிகாரி வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். ஊர்க்காரர்களே திட்டினார்கள். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "லைன் காயட்டும்" என்ற ஒரே வார்த்தையோடு சுவிட்சு அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்த பெரிய மனிதர்கள் வெயிலில் வியர்த்து வழிந்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு கிளம்பியே போனார். லைன் காய்ந்தது, போய் ஒவ்வொரு கம்பமாகப் பார்த்தார், அப்புறம்தான் போட்டார்.

"அவர் இருந்தவரைக்கும் அந்தத் தீவுல கரண்ட் அடிச்சு ஒரு உயிர் போகல" என்றார் தையல்காரர். "இன்னைக்கு அந்தப் பலகையில அவர் பேரை எழுதியிருக்காங்கன்னா அதுக்குத்தான் எழுதியிருக்காங்க. அவர் பேத்தி சொன்னதை மீறிட்டு அவர் விசேஷத்துக்குப் போகணுமா?"

பின்னால் மகள் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

அண்ணன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார், புதிதாக யாரையோ பார்ப்பதுபோல. தங்கைதான் குறுக்கே புகுந்தாள். "அட, சின்னண்ணனுக்குக்கூடப் பேச வருது. நான் ஊமைன்னே நினைச்சுட்டிருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் உதட்டோரமும் லேசாக அசைந்தது. "பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிற குணம். அப்பாவோட போகும்னு பார்த்தேன். பேத்தி வரைக்கும் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் படகுக்காரரிடம் கையை விரித்தார். படகுக்காரர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தபிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ வந்தது. அப்போது மூலையில் கோழிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த தீவுக்கார அம்மா ஒருத்தி கேட்டாள். "நீங்க கரண்ட்காரர் பிள்ளைங்களா? எங்க வீட்டுக்கு லைன் இழுக்க வந்தவர், எங்க கிழவி பாடாம கெடந்த ரேடியோவைக் காட்டினதும் அதையும் ரிப்பேர் பண்ணிட்டு, பாட்டு முழுசாக் கேட்டுட்டுத்தான் போனாரு. கூடவே பாடினாரு. காது குடுத்துக் கேக்க முடியல."

"பாட்டா? ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க" என்று தங்கை ஆரம்பித்தாள். அப்பா குளிக்கும்போது பாடினால் நாய் எழுந்து தெருவுக்குப் போய்விடும் கதையைச் சொன்னாள். அண்ணன், தான் பேங்க் பரீட்சையில் தேறிய அன்று அப்பா கம்பத்தின் மேலிருந்தே தெருவில் போகிறவர்கள் எல்லோரிடமும் அதைச் சொன்னாராம், இறங்கவே இல்லையாம் என்று சொன்னார். சொல்லும்போது மேனேஜர் குரல் காணாமல் போயிருந்தது. முன்பின் தெரியாத பயணிகளும் பெஞ்சை இழுத்துப் போட்டு வந்து உட்கார்ந்தார்கள். வெளியே காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை தடுப்புச்சுவருக்கு அப்பால் அலை ஒன்று வெள்ளையாக எழும்பிச் சுவரையே மூடி இறங்கியது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மருமகள் கையிலிருந்த குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிற்பகலில் காற்று இறங்கியது. மகள் தடுப்புச்சுவரின் மேல் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வந்து, "கிளம்பலாம்" என்றாள்.

படகில் தையல்காரர் சுக்கான் அறைக்கு நேர் கீழே இடம் பிடித்தார். கண்ணாடி வழியாக அவளுடைய பக்கவாட்டு முகம் தெரிந்தது. சுவரைத் தாண்டியதும் படகு ஒருமுறை தூக்கிப் போட்டது. அவள் தோள் அசைந்து சக்கரத்தை அளவாகத் திருப்ப, படகு அலையை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டு பதவிசாக ஏறி இறங்கியது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பிடிக்கவில்லை. சிரிக்கிறோமா இல்லையா என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

தீவுத்துறையில் ஊரே நின்றது. காத்திருந்த களைப்பு யார் முகத்திலும் இல்லை. "இந்தக் காத்துல வருவீங்கன்னா நினைச்சோம்? வந்திருந்தாத்தான் திட்டியிருப்போம்" என்றார் ஊர்த் தலைவர். அண்ணன் எல்லோரையும் அறிமுகப்படுத்தினார். கடைசியில் படகைக் காட்டி, "எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அப்பாவோட பேத்தி. அவ சொன்னாத்தான் இப்பல்லாம் நாங்க நகர்றோம்" என்றார். கிண்டலாக ஆரம்பித்தது, முடிக்கும்போது கிண்டலாக இல்லை.

கூட்டம் படிப்பகத்தை நோக்கி நடந்தது. மகள் மட்டும் இறங்கவில்லை. கரைக்குப் போகக் காலையிலிருந்து காத்திருந்த தீவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே அவர்களைக் கொண்டுவிட வேண்டும். தையல்காரர் பின்தங்கிப் படகோரம் வந்தார்.

"பலகைத் துணியை எடுக்கிறதை நீ பார்க்க வேணாமா?"

"நாளைக்குக் காலையில முத நடையில வருவேன்ல, அப்ப பார்த்துக்கறேன். நீங்க போங்கப்பா, தேடுவாங்க."

அவர் போகவில்லை. எதையோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஏறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தடுமாறாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "நீங்க கரண்ட்காரர் மகனா?"

"ஆமா" என்றார் தையல்காரர். பிறகு மேலே சுக்கான் அறையைக் காட்டினார். "இந்தக் கேப்டனோட அப்பா."

மேலே மகள் காதில் அது விழுந்தது. சட்டென்று குனிந்து எதையோ சரிபார்ப்பதுபோல் செய்தாள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் குரல் கொடுத்தபோது மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்தது. தையல்காரர் படகு திரும்பி அதன் முகப்பு கரைப் பக்கம் நிமிரும்வரை நின்று பார்த்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பாவின் பெயர் எழுதிய கட்டிடத்தை நோக்கி நடந்தார்.