கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போன சனிக்கிழமை

நானும் டுவேனும் கிராண்ட் ராபிட்ஸில் ஒரே நாற்காலி ஆலையில் வேலை பார்த்தோம். அவன் சக்கரம் பொருத்துவான், நான் முதுகுப் பகுதிக்குத் துணி இழுத்து அடிப்பேன். வாடகை வீடும் ஒன்றுதான், ஆளுக்கொரு அறை. பழைய கணினி அந்தப் பனிக்காலத்தில் புகைந்து செத்ததும், ஆளுக்கு முந்நூற்றைம்பது டாலர் போட்டு, கேம் ஆடத் தோதாக ஒன்றை நாங்களே கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

மூன்று வாரம் சமையலறை மேசையில் இதே பேச்சு. பிராசசர் போன தலைமுறையுடையது போதும் என்பதில் சண்டை இல்லை. கணினியின் வெளிப்பெட்டி, ஆலையில் ஒருவன் சும்மா கொடுத்தது. பவர் சப்ளையில் மட்டும் டுவேன் அசையவே இல்லை.

"அதுல கை வைக்காத ரஸ்ஸல். மட்டமானதை வாங்கினா அது மட்டும் போகாது, மொத்தத்தையும் கூட்டிட்டுப் போயிடும்."

"அப்போ கிராபிக்ஸ் கார்டுக்கு என்னடா மிஞ்சும்? இருநூறு. அதுக்குக் கிடைக்கிற புதுசுல எல்லாம் கேம் விட்டு விட்டுத்தான் நகரும்."

"நகரட்டும். நீ சுடறதும் அப்படித்தானே இருக்கு."

அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தது நான்தான். புதிதாக வாங்கினால் நானூறு ஆகும் கார்டு, ஒரு வருடம் ஓடியது, நூற்றுத்தொண்ணூறுக்கு. டுவேன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மூணு போட்டோ, மூணும் வேற வேற மேசை. வேணாம்டா."

"நீ வரலன்னா நான் தனியாப் போறேன்" என்றேன். அதனால்தான் அவன் வந்தான்.

மூடிக்கிடந்த கம்பளக் கடையின் பின்பக்கம், காலை பதினொரு மணி. வெயில் பனிக்குவியலில் பட்டுக் கண் கூசியது. விற்க வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும், பச்சைக் கோட்டு போட்டிருந்தான். லைல் என்ற அவன் பெயரே பிறகு நீதிமன்றத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவனுடைய காரில் ஒரு பெண் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். டுவேன் பெட்டியை வாங்கி, சாவியால் ஒட்டுநாடாவைக் கிழித்தான். உள்ளே ஒரு துண்டு. துண்டுக்குள் கனமான தரை ஓடு ஒன்று.

"இது எத்தனை ஜிபிங்க?" என்று டுவேன் கேட்டான்.

லைல் சிரிக்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து வீல் ஸ்பேனரை உருவினான். பணம் என்னிடம் இருந்ததால் அடி எனக்கு விழுந்தது. தாடை உடைந்த சத்தம் காதுக்குள்ளிருந்து கேட்டது. முழங்காலில் விழுந்தேன். நாக்கின் மேல் இரண்டு பற்கள் கிடந்தன. பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, என் மண்டையைக் குறிவைத்து அவன் மறுபடியும் கையை ஓங்கினான்.

டுவேன் அந்தத் தரை ஓட்டை லைலின் முகத்தில் வீசினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. ஸ்பேனர் கீழே விழ, டுவேன் அதை எடுத்துக்கொண்டான். முதல் அடி மணிக்கட்டில். இரண்டாவது முழங்காலில். லைல் சரிந்தான். நோட்டுகள் பனியில் சிதறின.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். டுவேன் நிறுத்தவில்லை. விலாவில் அடித்தான், தோளில் அடித்தான். பனிக்கட்டி மேல் விரிந்து கிடந்த விரல்களைப் பார்த்து அடித்தான். காரிலிருந்து ஓடி வந்த பெண், "போதும், விட்ருங்க, அவன் இனி எந்திரிக்க மாட்டான்" என்று கதறினாள். எனக்குப் பேச வரவில்லை, வாய் நிறைய ரத்தம். பின்னாலிருந்து டுவேனைக் கட்டிப்பிடித்தேன். உதறினான். அவன் முழங்கை என் உடைந்த தாடையிலேயே இடித்ததில் கீழே விழுந்தேன். எழுந்து, அந்தக் கையைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் போட்டுத் தொங்கினேன். அப்படியும் ஒரு அடி விழுந்தது. பிறகுதான் நிறுத்தினான்.

மூச்சு வாங்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் என் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரி கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னிடம் ஒரு காகிதம் கொடுத்தாள்.

"அந்த ஆள் கீழ விழுந்ததுக்கு அப்புறமும் டுவேன் அடிச்சாரா?"

டுவேன் இல்லையென்றால் அந்த இரண்டாவது வீச்சில் நான் செத்திருப்பேன். அதை முதலில் எழுதினேன். பிறகு அதன் கீழே எழுதினேன்: விழுந்த பிறகு ஒன்பது அடி.

லைலுக்குக் கொள்ளைக்காகத் தண்டனை கிடைத்தது. மூன்று விரல்கள் இனி மடங்காது, கோல் ஊன்றித்தான் நடப்பான். டுவேனுக்கு இரண்டு வருடம். வாங்கி வைத்த பாகங்களை, கணினிப் பெட்டி தந்த ஆலைக்காரனுக்கே கொடுத்துவிட்டேன். கட்டி முடித்துவிட்டதாகவும் நன்றாக ஓடுவதாகவும் சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை.

மே மாதம் சிறைக்குப் போனேன். டுவேன் இளைத்திருந்தான்.

"நீ எழுதினதை வக்கீல் காட்டினாரு. எண்ணியிருக்க."

"எண்ணினேன்."

"நீ செத்துட்டன்னு நினைச்சு அடிச்சேன்னு கோர்ட்ல சொன்னேன்."

"நான் உன் கையைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன்டா."

அவன் மேசையைப் பார்த்தான்.

"தெரியும். முதல் ரெண்டு அடி உனக்காக. அதுக்கப்புறம் நல்லா இருந்துச்சு, ரஸ்ஸல். இதை வேற யார்கிட்டயும் சொல்லல."

நேரம் முடியும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதமும் போனேன், அதற்கடுத்த மாதமும். அவன் கைகளைப் பார்க்காமல் அவனோடு பேசப் பழகுவதற்குள் இலை உதிரத் தொடங்கிவிட்டது.