என் மருமகளின் நோயாளி

எனக்கு எத்தனை தடவை மாரடைப்பு வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. சிறுநீரகக் கல், ஒற்றைத் தலைவலி, குடிப்பழக்கம், வழுக்கி விழுந்த இடுப்பு எல்லாம் வந்து போயின. ஒருமுறை, காய்ச்சல்காரக் குழந்தையின் கவலைப்படும் அப்பாவாகக்கூட இருந்தேன். எல்லாம் எங்கள் வீட்டு நடு அறையில், சோபாவில் உட்கார்ந்துதான். எதிரே நாற்காலியில் என் மருமகள், மடியில் கடிகாரத்தோடு.

அவள் படித்த நாட்டில் டாக்டர். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த பிறகு, ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் போன் எடுக்கிற பெண். இங்கே வைத்தியம் பார்க்க உரிமம் வேண்டும், உரிமத்துக்குப் பரீட்சை. எழுத்துப் பரீட்சையை ஊதித் தள்ளினாள். செய்முறைதான் காலை வாரியது. அங்கே வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் நோயாளியாக நடிக்க ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். குறித்த நேரத்துக்குள் அவரைப் பேச வைத்து, விஷயத்தைக் கறந்து, மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். நடிக்கிறவரும் மார்க் போடுவார். மூன்று தடவைதான் எழுத விடுவார்கள், அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். இதுவரை போன இரண்டு தடவையும் ஒரே காரணத்துக்காக ஃபெயில்: நோயாளியைப் பேச விடவில்லை.

எப்படி விடுவாள்? அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் காலையில் கதவைத் திறந்தால் கூட்டம் நெட்டித் தள்ளும். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே பெரிய மனசு. பாதிப் பேச்சில் வெட்டி, மருந்தை எழுதிக் கையில் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட்டுப் பழகிய வாய். அந்த வாயைத் தைக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நான் தையல்காரிதான். கடைத்தெருவில் ஒரு கடையில் பேன்ட் உயரம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் என் தொழில்.

முதலில் என் மகன்தான் நோயாளியாக இருந்து பார்த்தான். அவன் லாரி ஓட்டுகிறவன், பொறுமை கிடையாது. அவள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு டீ கேட்பான். அவனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். நான் லேசுப்பட்டவள் இல்லை. நெஞ்சைப் பிடிப்பேன், மூச்சு வாங்குவேன், தேவைப்பட்டால் கண்ணீரும் வரும். அவள் குறுக்கே பேசினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பேன்.

"அத்தை, பதில் சொல்லுங்க. நேரம் ஓடுது."

"நோயாளி கோவிச்சிக்கிட்டா. மார்க் கிடையாது."

"நிஜ நோயாளி இவ்வளவு வீம்பு பண்ண மாட்டாங்க."

"நிஜ நோயாளிக்கு மாமியார் வாய் இல்லம்மா. அதான் உன்கிட்ட சொல்லாமலே எழுந்து போயிருக்காங்க."

அவள் முகம் சுண்டிப்போகும். ஆனால் மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்காருவாள். திட்டு வாங்கின சுவடே தெரியாமல், "உள்ள வாங்கம்மா, என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிப்பாள். இந்தப் பிடிவாதத்துக்காகத்தான் எனக்கு அவளைப் பிடிக்கும். என் மகனைவிடக் கொஞ்சம் கூடவே பிடிக்கும். அவனுக்கும் அது தெரியும்.

பரீட்சை நெருங்கும்போது எனக்கு நிஜமாகவே ஒன்று வந்தது. மாதவிடாய் நின்று நாலு வருஷமான உடம்பில் மறுபடி ரத்தம் பட்டது. ஒரு நாளோடு போகவில்லை, விட்டு விட்டு வந்தது. அவளிடம் சொன்னால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு அலைவாள். கடைசி வாய்ப்பு என்னால் போக வேண்டுமா? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அன்றைய நோயாளிக்கு என் வியாதியையே கொடுத்துவிட்டேன்.

அவள் குறுக்கே பேசவில்லை. நான் நிறுத்திய இடத்தில் அவளும் காத்திருந்தாள். கடைசியில், "பெரும்பாலும் சாதாரணக் காரணமாத்தான் இருக்கும்மா. ஆனா சில சமயம் புற்றுநோயோட முதல் அறிகுறியா இருக்கலாம். அதனால தள்ளிப்போடாம சீக்கிரமே பார்த்துடணும்" என்றாள். முழு மார்க் போட்டேன். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்ததும், ரிசல்ட் வரட்டும் என்று இருந்தேன்.

ரிசல்ட்டுக்கு ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் சாப்பாட்டில் உப்பு கூடியதா குறைந்ததா என்று சொல்ல ஆளில்லை. அவள் துடைத்த மேசையையே துடைப்பாள். நடுவில் அப்படியே நின்று, "மூணாவது ரூம்ல கை கழுவினேனா?" என்பாள். கழுவினாய் என்பான் மகன், பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி. நான் துணியில் தலையை நுழைத்துக்கொள்வேன். அவளுக்கு இருந்தது ஒரு பயம். எனக்கு இரண்டு.

ரிசல்ட் நாளும் வந்தது. காலை பத்து மணிக்குப் போனில் பார்த்துக்கொள்ளலாம். மகன் விடிந்ததுமே லாரி எடுத்துப் போய்விட்டான். நான் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். அவள் வெளியே போகிற உடுப்பில் வந்து நின்றாள்.

"செருப்பு போடுங்க அத்தை. பத்து மணிக்கு உங்களுக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

"எனக்கு என்ன கேடு?"

"நாலு வருஷம் கழிச்சு ரத்தம் பட்ட கேடு."

"அது நோயாளி சொன்னதும்மா" என்றேன்.

"பரீட்சையில அதே கேஸ் வந்துச்சு. அந்தம்மா அடிவயித்தப் பிடிச்சிக்கிட்டு, உதட்டக் கடிச்சிக்கிட்டு, பிரமாதமா நடிச்சாங்க. அந்த ரூம்ல என்ன தப்பு விட்டேன்னு மாசம் பூரா யோசிச்சிக்கிட்டே இருக்கேன். முந்தாநாள்தான் உறைச்சுது. நீங்க தலைவலிக்கே சோபாவுல புரளுவீங்க. இதே கேஸ நீங்க சொன்ன அன்னைக்கு மட்டும் கைய மடியில வச்சிக்கிட்டு, தரையப் பார்த்துக்கிட்டு, மெதுவா பேசினீங்க. அன்னைக்கு நீங்க நடிக்கல அத்தை."

நோயாளியாக இத்தனை நாள் இருந்தும் நிஜ நோயாளியாக மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தெரியவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"ரிசல்ட்டப் பார்த்துட்டுப் போவோம்மா."

"கெஞ்சிக் கூத்தாடி வாங்கின நேரம். இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான்."

"உனக்குப் படபடப்பா இல்லையா?"

"இருக்கு. செருப்பு போடுங்க."

கிளினிக்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரமாகப் போட்டிருந்தன. அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. நான் கை வைத்து அழுத்தினேன், அப்போதும் ஆடியது. சுவர்க் கடிகாரம் பத்தைத் தொட்ட நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அவளும் எழுந்தாள்.

"நீ உட்காரு. ரிசல்ட்டப் பாரு. எனக்குப் பேசத் தெரியும்."

உள்ளே இருந்தவர் சின்ன வயசு டாக்டர். கண் கம்ப்யூட்டரில். நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் மூன்று கேள்வி கேட்டார்.

"தம்பி, நான் சொல்லி முடிச்சிடறேன். அப்புறம் கேளுங்க" என்றேன்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். மருமகளிடம் நோயாளியாகச் சொன்னதை எல்லாம் சொன்னேன். சொல்லாததையும் சொன்னேன்: போன வாரம் மறுபடி பட்டது, இடுப்புத் துணி தளர்கிற அளவுக்கு நான் இளைத்திருக்கிறேன். தையல்காரிக்கு அது தெரியாமல் போகுமா? பக்கத்து அறையில் ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது என்றார். துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்குமுன் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லி, வியாழக்கிழமை வரச் சொன்னார்.

வெளியே வந்தபோது அவள் கதவுக்கு எதிரிலேயே நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"முதல்ல நீங்க சொல்லுங்க."

சொன்னேன். எங்கேயும் குறுக்கே வரவில்லை. நான் மூச்சு விட நிறுத்தியபோது அவளும் பொறுத்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, "பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இத்தனை வாரம் ஆகியிருக்கிறது.

"வியாழக்கிழமை நான் உள்ளயே வருவேன். வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"சரி. உன்னோடது?"

"பாஸ்."

"எப்ப பார்த்தே?"

"நீங்க உள்ள போனதும்."

"அடிப் பாவி. அத வாசல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீங்க அதப் பிடிச்சிக்கிட்டு ஊரைக் கூட்டியிருப்பீங்க. இத முழுங்கியிருப்பீங்க."

உண்மைதான். வெளியே வரக் கதவுப் பிடியில் கை வைத்தபோது அதைத்தான் முடிவு செய்திருந்தேன். பாஸ் என்றால், எனக்குச் சத்துக் குறைவாம் என்று சொல்லிவிடுவது. ஃபெயில் என்றாலும் அதையே சொல்வது. இனி அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் அவள் என் மகனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். "ரெண்டையும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் பதறியது. "அம்மா? பாஸா?"

"பாஸ்டா" என்றேன். "வண்டிய ஓரமா நிறுத்து. இன்னொண்ணும் சொல்லணும்."