ஏறும்போதும் எடுக்கக் கூடாது

எங்கள் வீட்டுச் சமையலுக்கு மார்க் போடுவது பங்குச் சந்தைதான். சந்தை ஏறிய அன்று உப்பே போடாமல் வைத்தாலும் இவர் "பிரமாதம்" என்பார். இறங்கிய அன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்ன இது, மண்ணு மாதிரி இருக்கு?" என்பார். இரண்டு நாளும் உப்பு ஒரே டப்பாவிலிருந்துதான் வருகிறது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மேலே போகிற பெட்டி பத்திரமாகக் கீழே வருவதற்குத்தான் இவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்த பணத்தை, இது மேலே மட்டும்தான் போகும் என்று நம்பி ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்டில் கொண்டுபோய்ப் போட்டார். பாதி வளர்ச்சிக்கு, பாதி வருமானத்துக்கு. விற்றவர் வேறு யாருமில்லை, எங்கள் மாப்பிள்ளை. என் மகளைக் கட்டியவர். ஃபண்டு விற்பதுதான் அவருக்குப் பிழைப்பு.

"ஒரு பக்கம் மரம் வளரும் மாமா. இன்னொரு பக்கம் மாசாமாசம் பழம் விழும்" என்றார்.

பழம் விழத்தான் செய்தது. நான் ஒரு சுளைகூடத் தின்றதில்லை. வருமானம் வந்த அன்றே இவர் மாப்பிள்ளையை வரவழைத்து, அதை அப்படியே வளர்ச்சிப் பக்கம் தள்ளிவிடுவார். யானை வாயில் போன கரும்பு திரும்பி வருமா? அப்படியானால் வீடு எதில் ஓடியது என்று கேட்பீர்கள். முன்னறை ஜன்னலோரம் இருக்கும் என் தையல் மெஷினில் ஓடியது. பேண்ட் கால் மடித்துக் கொடுப்பேன், ஜிப் மாற்றுவேன், திரைச்சீலை தைப்பேன். பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து அங்கே பரிமாறுகிறவர்களின் கறுப்பு பேண்ட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். அதுதான் எங்களுக்கு நிரந்தர வரும்படி. இவரோ காலையில் பார்க்கில் நடக்கப் போகிற இடத்தில், "பணத்தை வேலைக்கு அனுப்பிட்டு நான் நிம்மதியா நடக்கிறேன்" என்று சொல்வாராம். வேலைக்குப் போனது பணமா பெண்டாட்டியா என்று பார்க்கில் யாரும் விசாரிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபண்டு இருப்பது என் பேரில். வரி குறையும் என்று மாப்பிள்ளை சொன்னதால் என் பேரில் போட்டார்கள். அதற்காக என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை. ஓடிபி மட்டும் என் போனுக்கு வரும்.

அந்த ஓடிபியையும் என்னால் படிக்க முடியாமல் போனதுதான் கதை. கொஞ்ச காலமாகவே எனக்கு எல்லாம் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேருமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கும்மா. ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வைக்கணும். பயப்படாதீங்க, அவசரம் ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இவர் அதை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஃபண்டுல கொஞ்சம் எடுத்து ஆபரேஷனை முடிச்சிரலாமா?" என்று கேட்டேன். சந்தை ஏறிக்கொண்டிருந்தது.

"ஏறிட்டிருக்கும்போது எவனாவது எடுப்பானா? டாக்டரே அவசரமில்லைன்னுட்டாரு."

சந்தை இறங்கியபோது மறுபடி கேட்டேன்.

"நஷ்டத்துல எடுக்கச் சொல்றியா? கொஞ்சம் ஏறட்டும்."

ஏறவுமில்லை இறங்கவுமில்லை என்று அது அசையாமல் கிடந்தபோதும் கேட்டுப் பார்த்தேன்.

"சும்மா இருக்குன்னா ஏதோ பெருசா வரப்போகுதுன்னு அர்த்தம். பொறு."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம். ஏறினால் எடுக்கக் கூடாது, இறங்கினால் எடுக்கக் கூடாது, நின்றாலும் எடுக்கக் கூடாது. அப்புறம் எதற்கய்யா போட்டு வைத்திருக்கிறீர்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். தினமும் காலையில் டீ குடித்ததும் இவர் ஜன்னலோரம் வந்து உட்காருவார். ஊசியை மூக்கில் உரசும்படி பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நூல் கோத்து என் பஞ்சுத் திண்டில் குத்தி வைப்பார். மெஷினிலும் நூல்கண்டை மாட்டிக் கொடுப்பார். நான் கேட்டு ஆரம்பித்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு இவர்மேல் கோபமே வராது. பத்தாக்குறைக்கு மனசு இளகியும் தொலைக்கும். சந்தை திறந்ததும் எழுந்து டீவி முன்னால் போய்விடுவார். நாற்காலி வரவர டீவிக்குக் கிட்டே போய்க்கொண்டிருந்தது. சத்தமும் கூடிக்கொண்டே போனது. போனையும் மூக்கோடு ஒட்டித்தான் பார்ப்பார். பணத்தை மோந்து பார்க்கிறார் என்று மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் ஓட்டல் மேனேஜரம்மா, தைத்துக் கொடுத்த மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இதை வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

"கறுப்பு பேண்ட். என்னம்மா குறை?"

"பேண்ட் கறுப்புதான். நூல் கருநீலம். எல்லாத்துக்கும் கால்ல நீலக் கோடு ஓடுது. எங்க முதலாளி கேக்குறாரு, இது சீருடையா சர்க்கஸான்னு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நான் பேசிச் சமாளிச்சிட்டேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லிருவாங்க அக்கா."

எனக்கு அது கறுப்பாகத்தான் தெரிந்தது. ஜன்னலில் வைத்துப் பார்த்தாலும் கறுப்பு, வாசலில் வைத்துப் பார்த்தாலும் கறுப்பு. இந்த வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. மேனேஜரம்மா போனதும் இவரிடம் போய் நின்றேன்.

"கறுப்பு நூல் கேட்டா நீலத்தைக் கோத்துக் குடுத்திருக்கீங்க. போனைப் பாத்துக்கிட்டே எடுத்தீங்களா?"

இவர் நூல்கண்டை எடுத்து மூக்கருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆமா, சந்தை திறக்கிற நேரம். கவனிக்கலை" என்றார்.

என் கண் குருடாகிக்கொண்டிருக்கிறது, நல்ல கண் இருப்பவருக்குப் போனைவிட்டு நிமிர மனமில்லை. எல்லாவற்றையும் பிரித்து, மேனேஜரம்மா எடுத்து வைத்துவிட்டுப் போன கறுப்பு நூலில் தைத்து முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற உத்தேசம் எனக்கில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "அந்த ஃபண்டு யார் பேர்ல இருக்கு மாப்பிள்ளை?"

"உங்க பேர்லதான் அத்தை."

"அப்ப நான் சொன்னா எடுக்கலாம்?"

"எடுக்கலாம்... ஆனா மாமா? அதுவுமில்லாம இப்ப ஏறிட்டிருக்கு அத்தை. கொஞ்சம் பொறுத்தா..."

"என் மகளைக் கூப்பிடவா?"

"எவ்வளவு எடுக்கணும் அத்தை?" என்றார்.

மாத வருமானம் வந்த நாளன்று வழக்கம்போல் மாப்பிள்ளை லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். பணத்தைப் போடத்தான் வந்திருக்கிறார் என்று மாமா நினைத்துக்கொண்டார். அத்தைக்காகப் பணத்தை எடுக்க வந்தவருக்கோ சட்டைக் காலர் நனைந்துவிட்டது. இருதலைக் கொள்ளி எறும்பைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அன்றைக்கு எங்கள் முன்னறைக்கு வந்திருக்க வேண்டும். என் போன் 'டிங்' என்றது. எனக்கு வெள்ளைத் திட்டில் கறுப்புப் புகை மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளையிடம் நீட்டினால் அவர் முழிக்கிற முழியே காட்டிக் கொடுத்துவிடும். பேசாமல் இவரிடமே நீட்டினேன்.

"என்னங்க, ஓடிபி வந்திருக்கு. படிங்க."

டீவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். காதை அங்கே வைத்துக்கொண்டு, போனை மூக்குக்குக் கொண்டுபோய், ஆறு எண்களையும் கணீரென்று வாசித்தார். எதற்கான நம்பர் என்று அதற்கு மேலே இருந்த வரியை வாசிக்கவில்லை. "ஆச்சா மாப்ள?" என்றார்.

"ஆச்சு மாமா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து வீடே இடிந்துவிழுகிற மாதிரி ஒரு சத்தம். "மாப்ள! ஊரெல்லாம் ஏறியிருக்கு, நம்மது மட்டும் எப்படி மாப்ள இறங்கும்?" போனில் கதறுகிறார். நான் மெஷினை நிறுத்தினேன்.

"அவரைத் திட்டாதீங்க. நான்தான் எடுத்தேன். என் கண்ணுக்கு."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"நீங்கதானே நம்பரைப் படிச்சீங்க?"

அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் மறுநாள் காலையிலும் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு நூல் கோத்தார். கோபத்தில் ஒருத்தர் ஊசி கோப்பதை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் ஒரு கண், பிறகு மற்றது. கட்டுப் பிரித்தபோது உலகம் சலவைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுச் சுவர் மஞ்சள் என்று நினைத்திருந்தேன், வெள்ளையாம். மெஷின்மேல் இருந்த அழுக்கைப் பார்த்து, இது யார் வீடு என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அதே வாரம் சந்தை தலைகுப்புற விழுந்தது. எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, இவர் புது மாப்பிள்ளை மாதிரி பார்க்குக்குப் போனார். "உச்சத்துல இருக்கும்போதே கொஞ்சம் எடுத்துட்டேன். அதுக்கெல்லாம் ஒரு கணிப்பு வேணும்" என்று அங்கே சொன்னாராம். திரும்பி வந்து என்னோடு பேசவும் ஆரம்பித்துவிட்டார்.

ஓட்டலிலிருந்து புது மூட்டை வந்தது. "இனிமே நானே கோத்துக்கிறேன்" என்றேன். பழக்கத்தை விடவில்லை, வந்து உட்கார்ந்தார். டீவி போடவில்லை. போன் மேஜைமேல் கிடந்தது. மொத்தக் கவனத்தையும் விரலில் வைத்து ஒவ்வொன்றாகக் கோத்து, திண்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இது என்ன நூல்?" என்றேன்.

"கறுப்பு. நீதானே கேட்டே?"

எல்லா ஊசியிலும் கருநீலம். வெயிலில் பளிச்சென்று, எனக்கே இப்போது தெரிகிற கருநீலம். நாற்காலி டீவிக்குக் கிட்டே போனது, சத்தம் கூடியது, போனை மோந்தது எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன.

"எவ்வளவு நாளா?"

இவர் ஜன்னலைப் பார்த்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ மருந்து விட்டுக் கண்ணை மூடி உக்காந்திருந்தப்பவே டாக்டர் எனக்கும் பாத்தாரு. அதே புரைதான். அவசரமில்லைன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"ரெண்டு பேர் கண்ணுக்கும் எடுத்தா ஃபண்டுல என்ன மிஞ்சும்?"

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்றிருந்தது. புதுக் கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். உள்ளேயிருந்து வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அழுது முடித்து, மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"இப்ப வேணாம்" என்று இவர் பதறினார். "படுத்துக் கிடக்கு. கொஞ்சம் ஏறட்டும்."

மாப்பிள்ளை லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவருக்கு வியர்க்கவில்லை. என் போன் 'டிங்' என்றது. பழக்க தோஷத்தில் இவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"நஷ்டமாச்சே" என்றார்.

"இருக்கட்டும். என் பேர்லதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆறு எண்களையும் நானே படித்தேன்.